கும்மந்தான் கான்சாகிபு நினைவுகூரல்: ‘எவருடைய சேவகன்’ என்னும் வினா

ஆய்வுச் சுருக்கம்

1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்ட படைத்தலைவர் யூசுப்கானைத் தமிழ்ச் சமூகம் தர்கா, தெருப்பெயர், கதைப்பாடல், வரலாற்று நூல், திரைப்பட முயற்சி எனப் பல வழிகளில் நினைவில் வைத்துள்ளது. போரில் இறந்தவனைப் போற்றும் தமிழ் மரபின் பழைய வடிவமாகிய நடுகல்லை அளவுகோலாகக் கொண்டு இந்நினைவு வடிவங்களை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. இறந்தவர் எவருடைய சேவகர் என்ற வினாவை ஒவ்வொரு வடிவமும் எவ்வாறு எதிர்கொள்கிறது அல்லது தவிர்க்கிறது என்பதும், அத்தவிர்ப்பில் நத்தம், மேலூர் வட்டார மக்களின் நினைவு எங்கே போகிறது என்பதும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கான்சாகிபு, நடுகல், கதைப்பாடல், செஞ்சோற்றுக்கடன், கள்ளர் நாடு, மேலூர், நினைவு மரபு

நடுகல் தரும் அளவுகோல்

போரில் வீழ்ந்தவனுக்குக் கல் எடுக்கும் செயலைத் தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாக வகுத்துள்ளது. சங்கப் புறப்பாடல்களிலும் அகப்பாடல்களிலும் வரும் கற்கள் பெயர் பொறிக்கப்பட்டவை, மயிற்பீலி சூட்டப்பட்டவை, கள் படைக்கப்பட்டவை. எனினும் ஒரு கல்லில் என்னென்ன எழுதப்பட வேண்டும் என்பதைத் தெளிவாகக் காட்டுபவை பாடல்களைவிடப் பல்லவர் காலக் கற்களே. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ தொகுதியைப் புரட்டுவோர் ஒரே வாய்பாடு திரும்பத் திரும்ப வருவதைக் காண்பர். முதலில் அரசனின் பெயரும் ஆட்சியாண்டும். அடுத்து அப்பகுதியை ஆண்ட தலைவன். அவனுடைய சேவகன் இன்னான் என்ற செய்தி. அவன் எந்தப் பூசலில் பட்டான் என்பது. இறுதியில் இது அவனுடைய கல் என்ற முடிப்பு.

இவ்வாய்பாட்டில் ஆய்வாளர் கவனம் பெரும்பாலும் அரசன் பெயரிலும் எழுத்தமைதியிலும் நிலைத்துள்ளது. ஆட்சியாண்டைக் கொண்டு காலம் கணிக்க வேண்டிய தேவை இருந்தமையால் அது இயல்பே. இலக்கிய நோக்கில் பார்த்தால் கல்லின் அச்சாணி ‘சேவகன்’ என்ற சொல்தான். இறந்தவனின் சொந்தப் பெயருக்கு முன்னரே அவன் எவருக்குக் கட்டுப்பட்டவன் என்பது கூறப்பட்டுவிடுகிறது. அவனுடைய சாவுக்குப் பொருள் தருவது அந்த உறவு. செஞ்சோற்றுக்கடன் என்று பிற்கால இலக்கியம் பெயரிட்டு வழங்கியதும் இதனையே. உண்ட சோற்றுக்கு உரியவன் யார் என்பதில் ஐயமில்லாதபோதுதான் கல் எழும்பும்.

இவ்விலக்கணம் தமிழ் மரபுக்கு மட்டுமே உரியது என்று கொள்ள வேண்டியதில்லை. பாஞ்சாலங்குறிச்சிக்கு அருகே 1799, 1801ஆம் ஆண்டுப் போர்களில் இறந்த கம்பெனி அதிகாரிகளின் கல்லறைகள் உள்ளன. 1881இல் வெளிவந்த தம் திருநெல்வேலி வரலாற்றில் கால்டுவெல் அக்கல்லறைகளைப் பற்றியும் எழுதியுள்ளார். பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த நாள், இறந்த இடம் என்ற முறையில் அமையும் இத்தகைய படைத்துறைக் கல்லெழுத்துகள் செங்கத்துக் கற்களோடு மொழியில் மட்டுமே வேறுபடுகின்றன. இரண்டிலும் இறந்தவன் யாருடைய ஆள் என்பது முதல் வரியிலேயே முடிந்துவிடும் செய்தி.

இவ்வளவுகோலுக்கு அடங்காத ஒரு படைத்தலைவர் மதுரையில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.

பதக்கமும் தூக்குக்கயிறும்

யூசுப்கானின் வாழ்க்கைக் குறிப்புகள் பரவலாக அறியப்பட்டவை. இங்குத் தேவையானவற்றை மட்டும் சுட்டுவது போதும். இராமநாதபுரம் பகுதியின் பனையூரில் வேளாளர் குடியில் பிறந்து இசுலாத்தைத் தழுவியவர் என்பது வழக்கு. 1752 முதல் 1754 வரை திருச்சிராப்பள்ளியைச் சுற்றி நடந்த போர்களில் ஸ்டிரிங்கர் லாரன்சின்கீழ்ப் பணியாற்றிக் கம்பெனிச் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவராக உயர்ந்தார். அப்பணிக்காகக் கம்பெனி அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது. துணிவுள்ள வீரர், திறமையுள்ள அதிகாரி, விசுவாசமான ஊழியர் என அவரைப் போற்றி, அவர் பெயரைப் பிற்காலத்தார்க்கு நிலைநிறுத்துவதே அதன் நோக்கம் எனப் பதக்க வாசகம் அமைந்திருந்தது. நினைவுகூரல் பற்றிய ஆய்வில் இப்பதக்கத்திற்குத் தனி இடம் தர வேண்டும். கான்சாகிபுவுக்கு எழுந்த முதல் நினைவுச்சின்னம் அதுதான். அது அவர் உயிரோடிருக்கும்போதே, அவரைப் பின்னர் அழித்த தரப்பாலேயே தரப்பட்டது. ‘விசுவாசமான ஊழியர்’ என்ற தொடர் செங்கத்துச் ‘சேவகன்’ என்ற சொல்லுக்கு நேர் நிகராக நிற்கிறது.

1758–59இல் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது தெற்கிலிருந்து அழைக்கப்பட்டுக் கோட்டைக்கு வெளியே நின்று பிரெஞ்சுப் படையை அலைக்கழித்தவர்களுள் அவரும் ஒருவர். பின்னர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் குத்தகை அவரிடம் வந்தது. 1761இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர்க் கோட்டைகள் அவர் கையில் வீழ்ந்தன. பூலித்தேவரின் ஆற்றல் முறிந்தது. ஆண்டுக்கு ஏழு லட்சம் ரூபாய் தருவதாகக் கூறி அவர் குத்தகையை நீட்டிக்க முன்வந்தபோது சிக்கல் முற்றியது. நவாபு முகமது அலி அவரைத் தம் ஊழியர் என்றார். யூசுப்கானோ கம்பெனியால் நியமிக்கப்பட்டவர். கம்பெனிக்கே பொறுப்புடையவர் எனத் தம்மைக் கருதினார். கம்பெனி தன் படைத்தலைவரைவிடத் தன் கடனாளியான நவாபைத் தேர்ந்துகொண்டது. 1763இல் மதுரையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. அவ்வாண்டின் முற்றுகை மழைக்காலத்தில் கைவிடப்பட்டது. 1764 ஜூனில் நடந்த பெருந்தாக்குதலும் தோற்றது. மேஜர் பிரஸ்டன் அதில் படுகாயமுற்று இறந்தார். அக்டோபரில் திவான் சீனிவாசராவ், பிரெஞ்சுக்காரர் மார்ஷான் முதலியோர் யூசுப்கானைப் பிடித்துக் கொடுத்தனர். நவாபின் ஆணைப்படி அக்டோபர் 15 அன்று தூக்கு நிறைவேறியது.

ஆகவே அவர் தூக்கிலிடப்பட்டதன் காரணமே ‘எவருடைய சேவகன்’ என்ற வினாதான். நடுகல் எழுதுவோன் எளிதில் நிரப்பிவிடும் இடத்தில் இங்கு மூன்று பெயர்கள் போட்டியிடுகின்றன. பதக்கம் தந்தவர் ஒருவர். குத்தகைக்கு உரிமை கொண்டாடியவர் இன்னொருவர். இறுதி ஆண்டில் ஏறிய கொடி மூன்றாமவருடையது. நான்காவதாக, அவர் தமக்கே தலைவராகிவிட்டார் என்ற விடையும் உண்டு. ஆனால் தமக்கே தலைவராக இருப்பவனைச் சேவகன் என்று எந்தக் கல்லும் கூறுவதில்லை.

பெயரில் நிற்கும் பதவி

தென்மாவட்ட வழக்கில் அவர் ‘கும்மந்தான் கான்சாகிபு’. ஐரோப்பியப் படைப்பதவிப் பெயர் ஒன்று தமிழ் நாவில் உருண்டு ‘கும்மந்தான்’ ஆனது. ‘கான்சாகிபு’ மதிப்புரைச் சொற்களின் கூட்டு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் அங்கே ஓர் ஆளின் சொந்தப் பெயர் இல்லை. கம்பெனி தந்த பதவி ஒரு பக்கமும் முகலாய அவை மரபு தந்த மதிப்பு மறுபக்கமும் நிற்க, நடுவில் இருக்க வேண்டிய பெயர் உதிர்ந்துவிட்டது. நடுகல்லில் தலைவன் பெயரையும் சேவகன் பெயரையும் இணைத்து நிற்கும் உறவு இங்கே இரு பட்டங்களுக்கிடையிலான இழுபறியாக மாறியுள்ளது. மக்கள் வழக்கு இதனைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆயினும் வரலாற்றின் முடிச்சை அது மிகச் சரியாகப் பிடித்துவைத்துள்ளது.

மதுரையின் கான்சா மேட்டுத் தெருவும் கான்பாளையமும் இதே போக்கில் இன்னும் ஒரு படி சென்றுள்ளன. ‘சாகிபு’ ‘சா’வாகக் குறுகிவிட்டது. முகவரி எழுதுவோர்க்கு அது ஒரு தெருப்பெயர். அதற்கு மேல் எதுவுமில்லை. இதனை மறதி என்று இரங்குவது ஆய்வுக் கட்டுரைகளில் வழக்கமாகிவிட்டது. தெருப்பெயர் தகவல் தரும் கடமையை ஏற்றுக்கொண்ட வடிவமன்று. அது ஒருவர் இருந்த இடத்தை மட்டும் சொல்கிறது. அவர் யார் பக்கம் நின்றார் என்று சொல்ல முற்படுவதில்லை. தவறான விடையும் அது தரவில்லை.

கயிறு அறுந்த கதை

மதுரை சம்மட்டிபுரத்தில் உள்ள அடக்கத்தலம் 1808இல் ஷேக் இமாம் என்பவரால் கட்டப்பட்டது. இத்தலத்தைச் சூழ்ந்த வாய்மொழி மரபுகளை எஸ். சி. ஹில் 1914இல் வெளியிட்ட தம் நூலில் திரட்டியுள்ளார். அவற்றுள் இரண்டு இலக்கியத் திறனாய்வுக்கு முதன்மையானவை. தூக்குக்கயிறு இருமுறை அறுந்தது, மூன்றாம் முறைதான் உயிர் பிரிந்தது என்பது ஒன்று. புதைத்த பின்னரும் நவாபுக்குத் தீக்கனவுகள் தொடர்ந்தமையால் உடல் தோண்டி எடுக்கப்பட்டுத் துண்டிக்கப்பட்டது. தலை திருச்சிராப்பள்ளிக்கும் கைகால்கள் பாளையங்கோட்டை, தஞ்சாவூர், பெரியகுளம் முதலிய இடங்களுக்கும் அனுப்பப்பட்டன. முண்டம் மட்டும் மதுரையில் தங்கியது என்பது மற்றொன்று. எந்த உறுப்பு எந்த ஊருக்குச் சென்றது என்பதில் மரபுகள் தம்முள் ஒத்துப்போவதில்லை.

இக்கதைகளை நிகழ்ச்சிப் பதிவுகளாகச் சோதிப்பது வரலாற்றாசிரியர் வேலை. ஒரு படைவீரனின் சாவை மக்கள் எவ்வாறு சரிசெய்துகொள்கின்றனர் என்று கேட்பது திறனாய்வாளர் வேலை. தமிழ்ப் போர் மரபில் கயிற்றால் நேரும் சாவு வீரச்சாவு ஆகாது. மார்பில் ஏற்ற விழுப்புண்ணே பெருமைக்குரியது. நோயால் இறந்த வீரரையும் தருப்பைப் புல்லில் கிடத்தி வாளால் போழ்ந்து அடக்கும் வழக்கத்தை ஔவையார் அதியமானைப் பாடிய புறநானூற்று 93ஆம் பாடல் காட்டுகிறது. களத்தில் படாத சாவைக் களச்சாவாக மாற்றும் சடங்கு அது. கயிறு இருமுறை அறுந்தது என்ற கதையும் அத்தகைய மாற்றத்தையே செய்கிறது. கயிறு அவரை ஏற்க மறுக்கிறது. கொலைகாரருக்கு உரிய தண்டனை அவருக்குப் பொருந்தவில்லை என்று பொருளே தீர்ப்புச் சொல்கிறது. உடல் துண்டிக்கப்பட்ட கதையில் வாளும் வந்துவிடுகிறது, பகைவர் கையால்.

இந்த ஒப்புமையை அளவுக்கு மீறி இழுப்பது கூடாது. 18ஆம் நூற்றாண்டு மதுரை மக்கள் புறநானூற்றைப் படித்துக் கதை கட்டவில்லை. முகலாய, ஐரோப்பிய ஆட்சிகள் இரண்டிலும் கலகக்காரரின் உடலைச் சிதைத்து ஊர்தோறும் காட்டும் தண்டனை முறை வழங்கியதும் மறக்கத்தக்கதன்று. ஆனால் சிதைவைக் குறித்த கதை அச்சுறுத்தலாக நிற்காமல் அடக்கத்தலங்களாக மலர்ந்தது என்பதுதான் கவனத்திற்குரியது. ஓர் உடலுக்கு ஒரு கல் என்ற நடுகல் கணக்கு இங்கே உடைகிறது. அவர் அதிகாரம் செலுத்திய சீமைகள் நெடுகிலும் உறுப்புக்கொரு நினைவிடம் என்ற வரைபடம் உருவாகிறது.

தர்காவுக்கு வருபவர் அருள் வேண்டி வருகிறார். அங்கே அடங்கியிருப்பவர் கம்பெனியின் ஆளா நவாபின் ஆளா என்று அவர் கேட்பதில்லை. படைத்தலைவர் புனிதராகும்போது சேவக உறவு முழுவதும் கரைந்துவிடுகிறது. வினாவை இவ்வாறு கரைப்பதற்கும் பொய்யான விடை தருவதற்கும் வேறுபாடு உண்டு.

கதைப்பாடலும் ஹில்லும்

‘கான்சாகிபு சண்டை’ கதைப்பாடலை நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1972இல் வெளியிட்டது. செங்கம் நடுகற்கள் தொகுதி வந்த அதே ஆண்டு அது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க இத்தற்செயல் ஒரு தூண்டுதலாகும். கட்டபொம்மு கதைப்பாடல் உள்ளிட்ட பல கதைப்பாடல்களை அப்பல்கலைக்கழகத்தின் வழி வானமாமலை தொடர்ந்து பதிப்பித்தார். அச்சில் வந்திராவிடின் இவற்றுள் பல இன்று பாடவேறுபாடு ஒப்பிடவும் கிடைத்திரா.

நூலின் தலைப்பே ஒரு செய்தி. முத்துப்பட்டனுக்கும் காத்தவராயனுக்கும் ‘கதை’ இருக்க, கான்சாகிபுவுக்குச் ‘சண்டை’ மட்டும் வாய்த்தது. கதை என்பது பிறப்பு முதல் இறப்பு வரை செல்வது. அங்கே பாட்டுடைத் தலைவன் வழிபடுதெய்வமாகவும் ஆவான். சண்டை என்பது இரு தரப்புடையது. மற்றத் தரப்பின் குரல் இப்பாடலில் வலுவாகவே ஒலிக்கிறது. சிவகங்கைப் பிரதானி தாண்டவராய பிள்ளை இதில் வெறும் துணைப்பாத்திரம் அல்லர். யூசுப்கானின் பெருக்கத்தை அஞ்சிய சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய அரசுகளின் பிரதானிகள் நவாபுக்கும் கம்பெனிக்கும் துணைநின்றனர் என்ற வரலாற்றுச் செய்தியோடு இது பொருந்துகிறது. பாடலைப் போற்றிய ஊர்களில் கான்சாகிபு வியப்புக்குரியவராகவும் அச்சத்திற்குரியவராகவும் ஒருங்கே இருந்திருக்க வேண்டும். வாழ்த்தல் என்ற நிலையை முழுமையாக எட்டாத இந்நடுநிலையே கதைப்பாடலின் பலம். பிற்கால வாழ்க்கை வரலாறுகள் பாடலிலிருந்து வீரச்செயல்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றைப் பகைவர் வாயிலாகக் கேட்கிறோம் என்பதை விட்டுவிட்டன.

ஹில் நூலின் தலைப்பு யூசுப்கானைக் கலகக்காரத் தளபதி என்று அறிமுகப்படுத்துகிறது. இத்தொடரில் ஒரு முரண் உறைந்துள்ளது. கலகம் செய்ய முடிந்தவர் முன்னர்க் கட்டுப்பட்டவராக இருந்திருக்க வேண்டும். தளபதி என்ற சொல் அக்கட்டுப்பாட்டை ஒப்புகிறது. இந்தியாவில் ஆங்கிலேயரிடம் பணிபுரிந்த உள்நாட்டு வீரர் அனைவரிலும் துணிவும் திறனும் மிக்கவர் என்று ஜான் மால்கம் அவரைப் புகழ்ந்திருந்தார். ஹில் அப்புகழ்ச்சியை மறுக்கவில்லை. ஆவணங்களை அடுக்கி நவாபின் சூழ்ச்சிக்கும் சென்னை அரசின் தடுமாற்றத்திற்கும் இடையில் ஒரு நல்ல அதிகாரி வீணானார் என்ற தொனியை எழுப்புகிறார். அந்நூலின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. இன்றுவரை தமிழில் வந்த நூல்கள் பல அதன் தகவல்களையே ஆண்டுகொண்டிருக்கின்றன. ஆனால் ஹில்லின் இரக்கம் இழந்த சேவகன்மீது கொண்ட இரக்கம். பதக்கத்தின் ‘விசுவாசமான ஊழியர்’ என்ற தொடரை மீட்டெடுக்க முடியாமல் போன வருத்தமே அதன் உள்ளோட்டம்.

மருதநாயகம் என்ற பெயர்

இன்று பொதுமக்களிடையே புழங்கும் பெயர் மருதநாயகம். அவருடைய பிறப்புப் பெயர் எனக் கூறப்படும் இது, கமல்ஹாசனின் படத் தொடக்கவிழாவுக்குப் பின்னரே எங்கும் பரவியது. 1997 அக்டோபர் 16 அன்று சென்னை எம்.ஜி.ஆர். திரைப்பட நகரில் அவ்விழா நடைபெற்றது. பிரித்தானிய அரசி இரண்டாம் எலிசபெத் நேரில் வந்திருந்தார். தூக்கு நிறைவேறிய நாளின் 233ஆம் ஆண்டு நிறைவுக்கு மறுநாள் அது என்பதை விழா ஏற்பாட்டாளர் எண்ணிப் பார்த்தனரோ இல்லையோ, கம்பெனி எந்த முடியின் பெயரால் போரிட்டதோ அம்முடிக்கு உரியவர் முன்னிலையில் கும்மந்தானின் கதை தொடங்கப்பட்டது. படம் முடிவுறவில்லை. முடிவுறாத ஒரு படம் ஒரு பெயரை இவ்வளவு உறுதியாக நிலைநாட்டியது தமிழ்ப் பண்பாட்டு வரலாற்றில் அரிய நிகழ்வு.

பெயர்மாற்றத்தின் விளைவு சிறியதன்று. அவர் தம் பணிக்காலத்தில் கையாண்டதும் ஆவணங்களில் பதிவானதும் யூசுப்கான் என்ற பெயர். அதனை விலக்கிப் பிறப்புப் பெயரை முன்வைக்கும்போது அவர் தேர்ந்துகொண்ட சமயமும் அவர் வகித்த பதவியும் ஒருசேர மேலாடை போல் கழற்றப்படுகின்றன. உள்ளே எஞ்சுபவர் மண்ணின் மைந்தர். அவரை ‘முதல் விடுதலைப் போராளி’ என்று அழைப்பது அதன்பின் எளிதாகிவிடுகிறது. சேவகன் எவருடையவன் என்ற இடத்தில் ‘நாடு’ என்ற சொல் எழுதப்பட்டுவிடுகிறது.

இவ்விடை மூன்று காரணங்களால் ஏற்கத்தக்கதன்று. அவருடைய கிளர்ச்சி குத்தகை உரிமையையும் பதவிப் பொறுப்பையும் பற்றியது. அதில் பிரெஞ்சுக்காரரின் துணை நாடப்பட்டது. அவர் அழித்த பூலித்தேவருக்கு நெற்கட்டும்செவலில் அரசு நினைவு மாளிகை எழுப்பியுள்ளது. அங்கும் அதே ‘முதல்’ என்ற அடைமொழி வழங்குகிறது. ஒருவரையொருவர் எதிர்த்துப் போரிட்ட இருவரை ஒரே போரின் முதல் வீரர்களாக ஆக்கும் பட்டியலில் போர் என்ற சொல்லே பொருளிழக்கிறது. மூன்றாவது காரணம் மேலூர்ப் பக்கத்திலிருந்து வருகிறது, அதுவே பெரியது.

மேலூர்ச் சாலையில்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் வழியில் ஒத்தக்கடையை அடுத்துத் திருமோகூர்க் காளமேகப் பெருமாள் கோயில் உள்ளது. 1755இல் கர்னல் எரோன் தலைமையில் தெற்கே வந்த கம்பெனிப் படை கோவில்குடி என்ற இடத்தில் கோயிலைத் தாக்கிச் சிலைகளைக் கவர்ந்து சென்றது. அவ்விடம் திருமோகூரே என்று கருதப்படுகிறது. திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் அப்படையை மறித்துப் பேரிழப்பை ஏற்படுத்திச் சிலைகளை மீட்டனர். ‘சாமி, சாமி’ என்று கூவிக்கொண்டு அவர்கள் பாய்ந்ததை ராபர்ட் ஓர்ம் தம் போர் வரலாற்றில் எழுதியுள்ளார். ஆங்கிலேயர் எழுதிய வரலாற்றில் உள்நாட்டாரின் குரல் தமிழ்ச் சொல்லாகவே இடம்பெற்ற அரிய இடங்களுள் இதுவும் ஒன்று. எரோனின் அப்படையில் சிப்பாய்களின் தலைவராக யூசுப்கானும் இருந்தார்.

நான்கு ஆண்டுகள் கழிந்து 1759இல் மதுரைக்குத் திரும்பியபோது அவர் நத்தம் காடுகளில் நடத்திய நடவடிக்கையையும் ஓர்ம் குறித்துள்ளார். காட்டினூடே அகன்ற பாதைகள் வெட்டப்பட்டன. வெட்டும்போது காட்டோரத்தில் தலைகாட்டியவர்கள் சுடப்பட்டனர். பிடிபட்டவர்கள் குற்றவாளிகளாகக் கொல்லப்பட்டனர். கும்மந்தானின் திறமைக்குச் சான்றாகவே ஓர்ம் இதைச் சொல்கிறார். வரிவசூல் ஒழுங்காயிற்று, வழிப்பறி நின்றது என்று பிற்கால நூல்கள் அதே செய்தியை ஆட்சித்திறனுக்குச் சான்றாக்குகின்றன. மீனாட்சியம்மன் கோயில் வழிபாடு தடையின்றி நடக்க அவர் உதவினார் என்ற மரபும் இதே பத்தியில் சேர்ந்துகொள்ளும். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் கோயிலுக்கு மானியம் தந்த கையையும் காட்டுப்பாதை வெட்டிய கையையும் ஒரே வாக்கியத்தில் வைத்து எழுதிய தமிழ் வாழ்க்கை வரலாறு அரிது.

கள்ளர் நாட்டில் கம்பெனிப் படை செய்தது அத்துடன் முடியவில்லை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கேப்டன் ரம்லி மேலூரை அடுத்த வெள்ளாளப்பட்டியில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றதை மதுரை மாவட்டம் பற்றிய ஆங்கில ஆவண நூல்கள் பதிவு செய்துள்ளன. அதே மக்கள் அவரைப் பின்னர் ‘ரம்லிசாமி’ என்று அழைத்தனர் என்பதும் அப்பதிவில் உண்டு. இதனை அடிபணிந்தோரின் நன்றி என்று எழுதியவர்கள் படித்துக்கொண்டனர். நத்தம் கணவாயில் எழுந்த ‘சாமி’ என்ற கூவலும் ரம்லியின் பெயரோடு ஒட்டிய ‘சாமி’யும் ஒரே வட்டாரத்தில் ஒரு தலைமுறைக்குள் ஒலித்தவை என்பதை எண்ணும்போது அவ்வளவு எளிய பொருள் கொள்ள இயலவில்லை. அச்சத்திற்குரிய ஆற்றலைப் பெயரிட்டு அடக்கும் நாட்டார் சமய வழக்கம் இதில் செயல்பட்டிருக்கலாம். கயிற்றுக்கு அடங்காத கும்மந்தான் தர்காவில் அமர்ந்ததும் அவ்வழக்கத்திற்கு அயலானதாகத் தோன்றவில்லை.

செங்கத்துக் கற்கள் பகைத்தரப்பையும் மறைப்பதில்லை. எவர் ஊரின்மேல் எவர் சென்றபோது, எவர் தொறு கொண்டபோது பட்டான் என்று அவை சொல்கின்றன. ஆநிரை கவர்ந்தவனும் மீட்டவனும் கல்லில் ஒருங்கே நிற்கின்றனர். வெட்சியின்றிக் கரந்தை இல்லை. கான்சாகிபுவுக்கு எழுந்த எழுத்து நினைவுகளில் இந்த இரண்டாம் தரப்பு இருவகையில் காணாமற்போகிறது. ஹில்லின் நூலில் நத்தம், மேலூர் மக்கள் அடக்கப்பட வேண்டிய கொள்ளையர். விடுதலைப் போராளி என்ற சட்டகத்தில் அவர்கள் வருவதே இல்லை. வந்தால் வீரரின் கதை நிற்காது. கதைப்பாடல் மட்டுமே, சிவகங்கைத் தரப்பின் வழியாகவேனும், எதிரே நின்றவர்களுக்கு வாய் கொடுத்துள்ளது.

வானமாமலை பதிப்பு வெளிவந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அப்பதிப்பின் பாடத்தை நத்தம், மேலூர், திருமோகூர் வட்டாரங்களில் இன்று கிடைக்கும் வாய்மொழி வழக்குகளோடு ஒப்பிடும் பணி தொடங்கப்பட வேண்டும். கள ஆய்வாளர் அங்கே கான்சாகிபு என்ற பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட 1755இன் சிலைமீட்பைக் கேட்டுத் தொடங்குவது பயன்தரும். ஏனெனில் அவ்வூர்களில் அவர் பெயரோடு நினைவில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. காடு வெட்டி வந்த படையாக, பெயரில்லாமலும் அவர் அங்கே இருக்கலாம்.